காற்றுக்கு எஃப் சீரோ

11 பிப்ரவரி 1982, வியாழன்

இன்றும் மேகம் எண்ணினேன். மேகமே இல்லை. வெயில் காலத்தில் அலோர் ஸ்டார் வானிலை நிலையத்தில் இருப்பதைவிடச் சுலபமான உத்தியோகம் கெடா மாநிலத்தில் கிடையாது. வானத்தைப் பார், பூஜ்யம் எழுது, டீ குடி.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு சின்னப் புத்தகம் வந்திருக்கிறது. சுழல்காற்றின் பலத்தை மதிப்பிடும் முறை. டீ ஆறிப்போகும் வரை படித்தேன். சுழல்காற்றுக்குள் கருவியை வைத்து அளக்க முடியாதாம். கருவியும் போய்விடும், வைக்கப் போன ஆளும் போய்விடுவான். அதனால் அது போன பிறகு, எதை உடைத்தது, எதை விட்டுவைத்தது என்று பார்த்துக் கணிக்க வேண்டும். கிளைகள் மட்டும் முறிந்தால் எஃப் சீரோ. கூரைத் தகடு உரிந்தால் எஃப் ஒன். கூரையே போய், பெரிய மரங்களும் சாய்ந்தால் எஃப் டூ. இப்படியே ஐந்து வரை. ஐந்தில் வீடே மிஞ்சாது.

எங்கள் நிலையத் தலைவர் மனோகரன் சாரிடம் கேட்டேன், நம்ம பக்கம் அப்படி ஒன்று வந்தால் நான் போய்ப் பார்க்கலாமா என்று. "வரட்டும், பாப்போம்" என்றார். வராது என்று அர்த்தம்.

வீட்டில் பேட்ரிசியா அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஊருல பொண்ணுங்க மாப்பிள்ளை வரணும்னு வேண்டிக்கும். இவ புயல் வரணும்னு வேண்டிக்கிறா!"

வேண்டிக்கொண்டுதான் வந்தேன். இன்று லூர்து மாதா திருநாள் வேறு.

15 பிப்ரவரி, திங்கள்

வந்துவிட்டது! மாதாவே, நான் கேட்டேன்தான், ஆனால் இவ்வளவு அவசரமாகவா?

கோலா கெத்தில் பக்கம் கெராஞ்சி என்ற ரப்பர் தோட்டம். நேற்று அங்கே சிற்றாலயத்தில் மாதா திருவிழா. சப்பரத்தோடு எல்லாரும் தொழிலாளர் லயங்களைச் சுற்றி வரப் போயிருந்த நேரத்தில், வானத்திலிருந்து தும்பிக்கை போல ஒன்று இறங்கியிருக்கிறது. பால் மரங்களைச் சாய்த்து, சிற்றாலயக் கூரையின் முன்பாதியைத் தூக்கிப் பந்துத் திடலில் போட்டுவிட்டு, ஒரே ஒரு தூறலோடு காணாமல் போயிற்றாம். ஒருவருக்கும் கீறல்கூட இல்லை.

(கீறல் இல்லை என்று கேட்ட பிறகுதான் நான் குதித்தேன். பாவசங்கீர்த்தனத்தில் கேட்டால் சொல்ல இங்கே எழுதி வைக்கிறேன்.)

சார் என்னைப் பார்த்தார். நான் சாரைப் பார்த்தேன். "சரி, போ. நீதானே கேட்ட" என்றார். நாளைக்கு ஆபீஸ் லேண்ட் ரோவர். எனக்கு. எனக்கே!

16 பிப்ரவரி, செவ்வாய்

எங்கிருந்து தொடங்குவது? மரத்திலிருந்தா, கூரையிலிருந்தா, ஆட்டிலிருந்தா? அல்லது அளவு டேப்பின் மறுமுனையிலிருந்தா?

முதலில் மரம். அது நல்ல பிள்ளை, பொய் சொல்லாது. மறுநடவுக்கு ஒதுக்கிய பழைய ரப்பர் காட்டில் இரண்டு மூன்று நிரை மரங்கள் வேரோடு கிடந்தன. இடப்பக்கத்து மரங்கள் வலப்பக்கமாகவும் வலப்பக்கத்து மரங்கள் இடப்பக்கமாகவும் தலை சாய்த்து, நடுவில் ஒரு பாதை. நேர்க்காற்று எல்லா மரத்தையும் ஒரே பக்கம் தள்ளும். இப்படி உள்நோக்கிச் சாய்த்தால் அது சுழல்காற்று. புத்தகத்தில் உள்ள படம் அப்படியே தரையில் கிடந்தது. வாய்விட்டுச் சிரித்தேன். ஓட்டுநர் பயந்துவிட்டார்.

பால் மரங்களுக்கு இது இலை உதிரும் காலம். தோட்டம் முழுக்க மொட்டை. அதனால் விழுந்த திசை பளிச்சென்று தெரிந்தது.

டேப்பின் ஒரு முனையை நான் பிடித்தேன். மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்று பார்த்தபோது, "குடுங்க மிஸ்" என்று ஒருவர் வந்தார். பெயர் டக்ளஸ். பட்டர்வொர்த் ஃபெரியில் கயிறு பிடிக்கும் வேலை, திருவிழாவுக்கு லீவில் வந்திருக்கிறார். நான் "டைட்டா பிடிங்க" என்றேன். "எவ்வளவு டைட்டா மிஸ்?" என்றார். அவ்வளவுதான் பேச்சு. அதில் சிரிக்க என்ன இருந்தது? இருவரும் சிரித்தோம்.

அடையாளக் குச்சி ஊன்றப் பார்த்தேன். வளைந்துவிட்டது. தரை அல்ல, கல். வெயில் அப்படி.

அடுத்து ஆடு. கீழ் டிவிஷனைச் சேர்ந்த காளிமுத்து அண்ணன் ஓடிவந்து, தன் ஆட்டைக் காற்று தூக்கிக் குழாயடியில் வைத்தது என்றார். "பதமா வச்சிச்சு தங்கச்சி, முட்டைய வைக்கிற மாதிரி." ஆடு பக்கத்தில் நின்று என் பையின் வாரை மென்றது. நான் புறப்படுவதற்குள் அவர் கதையில் அந்த ஆடு குழாயடியைத் தாண்டி வாய்க்கால் வரை பறந்திருந்தது.

கூரை. இதைப் பார்த்தபோது சிரிப்பு கொஞ்சம் நின்றது. திடலில் புரண்டு கிடக்கிறது, கோழிகள் அடியில் குடியேறிவிட்டன. சிற்றாலயத்தின் முன் போட்டிருந்த பந்தலின் தார்ப்பாய் இன்னும் அதனோடு ஒட்டிக்கொண்டிருந்தது. உத்திரத்தில் கயிறு சுற்றிய முடிச்சு எவ்வளவு அழகு! தொட்டுப் பார்த்தேன். "நான் போட்டது மிஸ்" என்றார் டக்ளஸ். "ஃபெரியவே பிடிச்சு நிறுத்துற முடிச்சு."

போன வருஷம் இந்தக் கூரையைப் போட்டவர் அவருடைய அப்பா, தச்சர் ஏசுதாசன். தோட்டத்துக் கணக்கரான கிராணி மோரிஸ், ஆலயச் செயலாளரும் அவர்தான், எல்லார் காதிலும் விழும்படி என்னிடமே சொன்னார்: "காத்தாவது ஒண்ணாவது. ஆணி அடிச்ச லட்சணம் அப்படி. மாதா வீட்டுலயே கைய வச்சிட்டாரு."

அந்த அப்பாவை நான் பார்க்கவில்லை. வீட்டைவிட்டு வெளியே வருவதில்லையாம். உளி, சுத்தியல் எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாராம். டக்ளஸ் டேப்பைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "காத்து பெரிசுதான்னு நீங்க சொன்னா, எங்கப்பா வெளிய வருவாரு. பெரிசுதானே மிஸ்?"

பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அதிகாரி மாதிரி சொல்ல முயன்றேன். குரல் கீச்சென்று வந்தது.

17 பிப்ரவரி

மேகத்தின் உயரம் எழுத வேண்டிய கட்டத்தில் டேப் அளவை எழுதிவிட்டேன். சார் மூக்குக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

22 பிப்ரவரி, திங்கள்

வரைபடம் முடிந்தது. ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு சிவப்பு அம்பு. முதிர்ந்த மரங்கள் வேரோடு. கூரை போயிற்று. அட்டவணையில் விரல் வைத்தால் நேராக எஃப் டூவில் நிற்கிறது.

எஃப் டூ! சத்தம் போட்டே சொல்லிப் பார்த்தேன். சார் "தலைமை அலுவலகத்துக்கு அனுப்பறதுக்கு முன்னால இன்னொரு வாட்டி பாரு" என்றார். எதற்கு இன்னொரு வாட்டி? மரம் பொய் சொல்லுமா?

டக்ளஸ் ஃபெரி நிற்கும் ஜெட்டியிலிருந்து ஆபீசுக்குப் போன் செய்தார். எஃப் டூ என்றேன். மறுமுனையில் ஒரு ஃபெரி ஊதியது. பிறகு அவர் குரல்: "அப்பாட்ட சொல்லிரட்டுமா?" சொல்லுங்க என்றேன்.

1 மார்ச், திங்கள்

நேற்று ஏசுதாசன் அங்கிள் பூசைக்கு வந்தாராம். முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு, முன் வரிசையில். பாதிக் கூரைக்குக் கீழே, வெயிலில்.

காளிமுத்து அண்ணனுக்கு மட்டும் மனத்தாங்கல். எஃப் டூ என்ற செய்தி கீழ் டிவிஷனுக்குப் போனதும், "எஃப்னா ஃபெயிலுதானலா? என் மவன் மலாய்லயும் கணக்குலயும் அதத்தான வாங்கிட்டு வந்தான். எங்க காத்து ஃபெயிலா?" என்று கேட்டிருக்கிறார். ஆடு இப்போது அரைக் கட்டை தூரம் பறந்திருக்கிறது. அதாவது அரை மைல்!

இதையெல்லாம் சொல்லத்தான் டக்ளஸ் போன் செய்தாராம். இதை மட்டும் சொல்ல.

8 மார்ச், திங்கள்

டக்ளஸ் அலோர் ஸ்டாருக்கு "ஒரு வேலையாக" வந்தார். என்ன வேலை என்று கடைசிவரை தெரியவில்லை. பாசார் கடையில் ஐஸ் கச்சாங் சாப்பிட்டோம். என்னுடையது உருகித் தண்ணீராகும் வரை பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன். நான்தான் பேசினேன், முழுக்க முழுக்கச் சுழல்காற்று. அவர் ஒரு தடவைகூடக் கொட்டாவி விடவில்லை.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சேதம் எவ்வளவு?" என்றாள். தலையணையைத் தூக்கி எறிந்தேன்.

19 மார்ச், வெள்ளி

கெடாவில் வெள்ளிதான் வார விடுமுறை. சுங்கை பட்டாணி போய், பஸ் மாறிக் கெராஞ்சித் தோட்டம் போனேன். சார் சொன்ன இன்னொரு வாட்டி பார்ப்பதற்காக. (சரி, அதற்கு மட்டும் இல்லை.)

தோட்டம் பச்சை! ஒரு மாதத்துக்கு முன் மொட்டையாக நின்ற மரமெல்லாம் புதுத்தளிர் விட்டு மினுமினுவென்று. ஏசுதாசன் அங்கிள் வீட்டு வாசலில் ஒரு நாற்காலிக்குக் கால் பொருத்திக்கொண்டிருந்தார். சுத்தியல் சாக்கைவிட்டு வெளியே வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் எழுந்து, "நீங்கதானாமா அது?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு கும்பிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, சிரித்துச் சமாளித்தேன். டீயும் மரவள்ளிக்கிழங்கும் கொடுத்தார்.

அந்தச் சந்தோஷத்தில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு பழைய காட்டுக்குப் போனேன்.

அங்கே பச்சை இல்லை.

விழுந்த மரம் தளிர்க்காதது சரி. நிற்கிற மரமும் தளிர்க்கவில்லை. ஒன்றுகூட. கிட்டே போய்ப் பார்த்தேன். அடிமரத்தைச் சுற்றிப் பட்டை சீவி, மருந்து பூசிய கறுப்பு வளையம். மறுநடவுக்காகப் போன வருஷமே மருந்து வைத்துச் சாகடித்த மரங்கள். வேர் உளுத்து, தொட்டால் மாவாக உதிர்கிறது. அன்று இலை இல்லாததைப் பார்த்து, உதிர்கிற பருவம் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். உயிருள்ள மரமும் செத்த மரமும் ஒரே மாதிரி மொட்டையாக நிற்கிற ஒரே மாதத்தில் போய் நின்றிருக்கிறேன்.

பக்கத்துக் காட்டில், உயிருள்ள மரங்களில், அதே காற்று போன அதே பாதையில், முறிந்தது சில கிளைகள். அவ்வளவுதான்.

எஃப் டூ இல்லை. எஃப் சீரோ.

20 மார்ச், சனி

என்ன காரியம் பண்ணிட்டேன் நான்! மரம் பொய் சொல்லாதுன்னு எழுதினவ எங்க? பொய் சொன்னது மரமா, என் கண்ணா? மறுநடவுக்கு ஒதுக்கின காடுன்னு என் கையாலேயே எழுதியிருக்கேன். எழுதின கைக்கே புரியல. டேப்போட மறுமுனையப் பாத்துக்கிட்டே நின்னா எப்படிப் புரியும்?

எஃப் சீரோன்னா நல்ல கூரை நிக்கணும். நிக்கல. அப்ப மோரிஸ் கிராணி சொன்னது சரியாயிடும். அந்த மனுஷன் திரும்ப சுத்தியலச் சாக்குல கட்டிருவாரு. எனக்குக் கும்பிடு போட்டாரே—

எஃப் டூவே இருக்கட்டும்னு விட்டுட்டா? யாரு வந்து பாக்கப் போறா?

ஐயோ, இதை நான் எழுதினேனா? எழுதினது எழுதினதாகவே இருக்கட்டும். ஆனால் செய்யமாட்டேன்.

26 மார்ச், வெள்ளி

மறுபடியும் பஸ். இந்த முறை யாருடைய வீட்டுக்கும் போகவில்லை. நேராகத் திடல். மரங்களை நம்பியது போதும், கூரையையே கேட்போம் என்று கோழிகளை விரட்டிவிட்டு மண்டியிட்டேன்.

முதலில் ஆணி. தகட்டைக் குறுக்குச் சட்டங்களோடு பிடித்திருக்கும் ஒவ்வோர் ஆணியையும் ஆட்டிப் பார்த்தேன். விரல் தோல் உரிந்ததுதான் மிச்சம். ஒன்றுகூட ஆடவில்லை. கூரை துண்டு துண்டாகப் பிய்ந்து போகவில்லை. தகடும் சட்டமும் முன் உத்திரமும் ஒட்டுமொத்தமாக ஒரே பாய் போலக் கிளம்பியிருக்கிறது. கிராணி ஆணியைப் பற்றிப் பேசினாரே தவிர, திடலுக்கு இறங்கி வந்து ஆணியைப் பார்க்கவே இல்லை. நான் மட்டும் என்ன, அன்றைக்குப் பார்த்தேனா?

சிற்றாலயத்துக்குப் போனேன். பின்பாதிக் கூரை அப்படியே நிற்கிறது. அதே ஆணி, அதே கை. முன்சுவரில் உத்திரத்தைப் பிடித்திருந்த இரும்புப் பட்டைகளைப் பார்த்தேன். காற்று உள்ளே புகுந்து தூக்கியிருந்தால் மேல்நோக்கி வளைந்திருக்கும். இவை வெளிப்பக்கமாக, பந்தல் இருந்த பக்கமாக வளைந்திருந்தன. யாரோ பிடித்து இழுத்தது போல.

யார் இழுத்தது?

திரும்பி ஓடினேன். தார்ப்பாய். கயிறு. உத்திரத்தில் அந்த அழகான முடிச்சு, இன்னும் அவிழாமல். பந்தல் கயிற்றை வழக்கமாகத் தரையில் முளை அடித்துத்தான் கட்டுவார்கள். இந்த வருஷம் தரை கல். என் குச்சியே வளைந்ததே! முளை இறங்காமல், கூரை உத்திரத்திலேயே கட்டிவிட்டிருக்கிறார்கள். லேசான சுழல்காற்றுதான். ஆனால் அவ்வளவு பெரிய தார்ப்பாய் பாய்மரம் போல அதை வாங்கிக்கொண்டது. கயிறு அறுந்திருந்தாலோ, முடிச்சு அவிழ்ந்திருந்தாலோ தார்ப்பாய் மட்டும் பறந்திருக்கும். முடிச்சு அவிழவில்லை. அதனால் கூரை பறந்தது.

திடலின் நடுவில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தேன். நிறுத்த முடியவில்லை. பிறகு முடிச்சு யார் போட்டது என்பது ஞாபகம் வந்தது. நின்றுவிட்டது.

27 மார்ச், சனி

காலையில் லீவு சொல்லிவிட்டுப் பட்டர்வொர்த் ஜெட்டிக்கே போனேன். இதைப் போனில் சொல்லக்கூடாது. காற்று எஃப் சீரோ, உங்கள் அப்பாவின் ஆணிகளில் குற்றமில்லை, கூரையை இழுத்தது உங்கள் முடிச்சு. மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இதோடு போயிற்று, இனி போனும் இல்லை ஐஸ் கச்சாங்கும் இல்லை என்று நினைத்தேன்.

"அவிழவே இல்லையா?" என்றார்.

"இல்ல."

"ஒண்ணு கூடவா?"

"ஒண்ணு கூட."

அவர் முகத்தில் முதலில் வந்தது பெருமை! அதற்குப் பிறகுதான் மற்றது. தலையைப் பிடித்துக்கொண்டு கயிற்றுச் சுருள் மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ரெண்டு வாரமா எங்கப்பா வெளிய தலைகாட்டாம கெடந்தாரே ஜெனி. என்னாலயா?" முதல்முறையாக மிஸ் இல்லாமல், ஜெனவீவ் என்ற என் பெயரைச் சுருக்கி ஜெனி. அந்த நேரத்திலும் அதைக் கவனித்தேன் என்பதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

"ரிப்போர்ட்ல என் பேர எழுதுவீங்களா?"

"பந்தல் கயிறு கூரையில கட்டியிருந்ததுன்னு எழுதுவேன். பேர் அதுக்குத் தேவையில்ல."

"எங்க கோயிலுக்குத் தேவை. நானே சொல்றேன்" என்றார்.

28 மார்ச், ஞாயிறு

ஞாயிறு எங்களுக்கு வேலை நாள்; லீவு போட்டுவிட்டுப் போனேன். பூசை முடிந்ததும் டக்ளஸ் எழுந்து நின்றார். காது சிவந்திருந்தது.

"காத்து சின்னக் காத்துதான். எங்கப்பா ஆணி ஒண்ணுகூட கழலல. வேணும்னா எல்லாரும் வந்து ஆட்டிப் பாருங்க. பந்தக் கயித்த கூரையில கட்டினது நான். இழுத்தது என் முடிச்சு."

மொத்தக் கோயிலும் திடலுக்கு இறங்கியது. உண்மையாகவே ஆட்டிப் பார்த்தார்கள்! சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பெண்கள், பூசை வைத்த சாமியார், கடைசியில் மோரிஸ் கிராணி. அவர் ஓர் ஆணியைப் பிடித்து இழுத்தார், திருகினார், கைக்குட்டையால் பிடித்து இழுத்தார். பிறகு நேராக ஏசுதாசன் அங்கிளிடம் போனார். "நான் பேசினது தப்பு அண்ணே" என்றார். எல்லார் காதிலும் விழும்படிதான் சொன்னார்.

அங்கிள் அவரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மகனிடம் திரும்பினார்.

"என் ஆணி நிக்கும்னு எனக்குத் தெரியும்டா. ஒன் முடிச்சும் நிக்கும்னு எவன் கண்டான்?"

முதலில் சிரித்தது அவர்தான். பிறகு திடலே சிரித்தது. காளிமுத்து அண்ணன் மட்டும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். "தங்கச்சி, எஃப் சீரோவா? ஃபெயிலு, அதுலயும் முட்டையா?" அதுதான் நல்லது அண்ணே, சேதம் கம்மி என்று விளக்கினேன். "அப்ப என் ஆடு?" என்றார். ஆடு தன் காலால் நடந்து போயிருக்கலாம் என்றேன். அவர் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

5 ஏப்ரல், திங்கள்

அறிக்கை போய்விட்டது. எஃப் சீரோ. என் முதல் மதிப்பீடு ஏன் தவறு என்பதையும் ஒரு பக்கம் எழுதினேன். சார் அந்தப் பக்கத்தைத்தான் இரண்டு தரம் படித்தார். "இனிமே இந்த மாதிரி வந்தா நீயே போ" என்றார். அதுவே போதும், கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆடினேன்.

12 ஏப்ரல், திங்கள்

நேற்று ஈஸ்டர். டக்ளஸ் வந்தார். அக்கா சமையலறையில் பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டிக்கொண்டிருந்தாள், காது மட்டும் கூடத்தில்.

"என் சேதத்த வந்து பாத்தா எத்தன எஃப் குடுப்பீங்க?"

"உங்களுக்கு இல்ல, எனக்குத்தான் குடுக்கணும். அஞ்சு."

"அஞ்சுன்னா?"

"வீடு மிஞ்சாது."

நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். "அப்ப புதுசா கட்டிக்கலாமா? அப்பா கூரை போடுவாரு."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. நான் என்ன சொன்னேன் என்று எழுத வேண்டுமா என்ன!

28 ஆகஸ்ட் 1982, சனி

கெராஞ்சித் தோட்டச் சிற்றாலயம், முழுக்கூரை. பந்தல் முளைகளை ஏசுதாசன் மாமாவே அடித்தார். மழை பெய்து தரை இளகியிருந்தது, ஆனாலும் முழங்கால் ஆழத்துக்கு இறக்கினார். "எல்லாக் கயிறும் தரையில. மாப்பிள்ள ஒரு கயித்தயும் தொடக்கூடாது" என்று காலையிலேயே உத்தரவு. மோரிஸ் கிராணி காவல் நின்றார்.

காளிமுத்து அண்ணன் ஆட்டோடு வந்தார், அதற்கும் மாலை போட்டு. அது இப்போது கடலோர ஊரான யான் வரை பறந்து, கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிய ஆடு. பிரியாணிக்கு வேறு ஆடு.

சாமியார் தாலியை மந்திரித்துக் கொடுத்தபோது மாமா கூரையைப் பார்த்தார், பிறகு மகனின் கையைப் பார்த்தார். "இத மட்டும் நீ கட்டு" என்றார். சாமியார் உட்பட எல்லாரும் சிரித்ததில் டக்ளஸ் முதல் முடிச்சைத் தவறவிட்டு மறுபடி தொடங்கினார். மூன்று முடிச்சு போட இவ்வளவு நேரம் எடுத்துக்கொண்ட மாப்பிள்ளை இந்தத் தோட்டத்தில் இல்லையாம்.

சாயங்காலம் நல்ல காற்று. பந்தல் படபடத்தது, நின்றது.

இப்போது இதை எழுதிக்கொண்டே பின்கழுத்தில் கைவிட்டு இழுத்துப் பார்த்தேன். மூன்றும் கெட்டி. இனி ஏதாவது ஒரு காற்று இவரைத் தூக்கிக்கொண்டு போனால், நானும் கூடவேதான் போவேன்.